போன வருடம் எத்தனை பியூரெட் உடைந்தது என்று கேளுங்கள்

கேள்வி: மகளை மேல்நிலை வகுப்பில் சேர்க்க ஒரு பள்ளியைப் பார்த்து வைத்திருக்கிறோம். அறிவியல், வணிகவியல் இரண்டும் ‘முழுக்கச் செய்முறை வழியில்’ என்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம். ஒரு கிட் பெட்டியையும் அவர்கள் சொல்லும் ஆளிடமே வாங்க வேண்டுமாம். இந்தப் பாடங்கள் எதுவும் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் நிஜமாகவே கையால் செய்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில், லேபைக் காட்டச் சொல்லாதீர்கள். வருகிறவர்களுக்குக் காட்டவென்றே துடைத்து வைத்த லேப் எல்லா இடத்திலும் இருக்கும். போன வருடப் பிள்ளைகளின் அப்சர்வேஷன் நோட்டு நாலைந்து கேளுங்கள். ரெக்கார்டு நோட்டு வேண்டாம். அது வீட்டில் உட்கார்ந்து அடிக்கோடிட்டு அழகாக எழுதுவது. அப்சர்வேஷன் நோட்டில்தான் மேசையருகே நின்றுகொண்டே எண்களைக் குறிப்பார்கள். உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை. எண்களை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டைட்ரேஷன் என்று ஒரு பரிசோதனை இருக்கும். ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எத்தனை மில்லி ஆனது என்று பார்ப்பது. பியூரெட் என்பது அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாய். அதன் மிகச் சிறிய கோடு 0.1 மில்லி. திருகை முதன்முதலாகப் பிடிக்கிற பிள்ளை நிறம் மாறும் இடத்தைத் தாண்டித்தான் போகும். 20.6 என்று எழுதும். அடுத்த தடவை 19.7, அப்புறம் 19.8, இன்னொரு 19.8. இப்படி இருந்தால் அந்தப் பிள்ளை செய்திருக்கிறது. வகுப்பு முழுக்க எல்லார் நோட்டிலும் 20.0, 20.0, 20.0 என்றிருந்தால் ஒருவரும் திருகைத் தொடவில்லை, கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதில் பயன்படுத்தும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டே இருக்கும். நேற்றைய கரைசலே இன்றைக்கு அப்படியே இருக்காது. போன வருட நோட்டிலும் இந்த வருட நோட்டிலும் ஒரே விடை எங்கிருந்து வரும்?

இயற்பியல் நோட்டில் தனி ஊசலைப் பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் குண்டு 20 முறை ஆடி வர 40 நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். குண்டை விட்ட கணத்தில் ‘சுழி’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று தொடங்கும் பிள்ளை 19 ஆட்டத்தை 20 என்று எண்ணிவிடும். அந்த நேரத்தை வைத்துக் கணக்கிடும் ஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டிய இடத்தில் 10.8க்கு மேல் போய் நிற்கும். அந்த 10.8ஐ ஆசிரியர் சிவப்பில் சுழித்து, ‘எங்கே எண்ணத் தொடங்கினாய்?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தால், கேட்கிற கட்டணத்தைத் தாராளமாகக் கட்டுங்கள்.

வணிகவியலுக்கு வருவோம். மாணவர்களே ஒரு சிறு நிறுவனம் நடத்துவது புதுச் சரக்கில்லை. ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு 1919இலேயே தொடங்கியது. இங்கே நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: விற்காமல் நின்ற சரக்கு எவ்வளவு, கடன் சொல்லிப் போனவர்கள் யார் யார்? பிள்ளைகள் 40 குறிப்பேடு தைத்து 28 விற்று, அதில் 10 கடனுக்குப் போயிருந்தால், 28க்கான லாபத்தைக் கணக்கில் காட்டுவார்கள், பெட்டியிலோ 18க்கான காசுதான் இருக்கும். லாபம் வேறு, கையிருப்பு வேறு என்று புரிவது அந்தப் பெட்டியைத் திறக்கும்போதுதான். 1494இல் வெனிஸில் அச்சான தன் நூலில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலியும் அதை அவராகக் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்கள் கடையில் எழுதிக்கொண்டிருந்ததைத்தான் வரிசைப்படுத்தி எழுதினார். கடைசி நாளில் மிச்சச் சரக்கை எல்லாம் பெற்றோர் தலையில் கட்டி, ஆளுக்கொரு ‘இளம் தொழில்முனைவோர்’ சான்றிதழ் கொடுப்பது வணிக வகுப்பு ஆகாது. விழா.

கிட் பெட்டி விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை, சொல்லிவிடுகிறேன். எடை போட்டு வைத்த பொட்டலம், அளந்து வைத்த திரவம், கூடவே விடை அச்சடித்த தாள். பிள்ளைக்கு மிஞ்சுவது பொட்டலத்தைக் கிழிக்கும் வேலைதான். அளப்பதுதான் பாடமே, அதையே எடுத்துவிட்டு எதைக் கற்பிக்கிறார்கள்? ‘இந்த ஆளிடம்தான் வாங்க வேண்டும்’ என்றால் நடுவில் கமிஷன் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தீர்ந்துபோன பொருளை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது, முழுப் பெட்டியும் மறுபடி வாங்க வேண்டும் என்றால் வாங்காதீர்கள். இதே ஆட்கள்தான் புராஜெக்ட் மாடலும் செய்து தருவார்கள், ரெக்கார்டும் எழுதித் தருவார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்பேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு என்னிடம் படித்த ஒரு பையன் டைட்ரேஷனில் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மில்லி தாண்டிவிடுவான். கவனமில்லை என்று வகுப்பில் வைத்துத் திட்டினேன். பாதி வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவனுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நிறம் காட்டுவதற்காகச் சேர்க்கும் பினால்ப்தலீன் தரும் வெளிர் இளஞ்சிவப்பு அவன் கண்ணுக்கு வெறும் தண்ணீர். இது பெண்களுக்கு அபூர்வம், ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்காவது இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளை திருகைப் பிடிக்கட்டும், நிறத்தைப் பக்கத்தில் நிற்பவர் சொல்லட்டும். டைட்ரேஷனில் எடுத்திருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால், பினால்ப்தலீனுக்குப் பதில் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் புரோமோதைமால் நீலத்தைப் போட்டுப் பார்க்கலாம். அமிலத்தன்மையை எண்ணாகவே காட்டும் பிஎச் மீட்டர் இருந்தால் நிறமே தேவையில்லை. உங்கள் வீட்டில் பையனும் இருந்தால் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், எண்கள் ஒளிந்திருக்கும் புள்ளிப் படங்களைக் காட்டிச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவன் அறிவியலை விட்டுவிட முடிவு செய்திருந்தான்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு குடுவை உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே குறி விழும், விளக்கம் எழுதித் தர வேண்டும். பீரோவைப் பூட்டியே வைத்திருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆய்வுக்கு வருகிறவரும் பீரோவிலுள்ள குடுவைகளை எண்ணிவிட்டுப் போகிறாரே தவிர, அவற்றில் ஏதாவது ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில்லை. மாணவர்கள் கையிலேயே கருவியைக் கொடுத்து வேதியியல் கற்பிப்பதை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் அங்கே கீசன் நகரில் 1820களிலேயே செய்துவிட்டார். நாம் இன்னும் பீரோ சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் சேர்க்கைக்குப் போகிற அன்று, போன வருடம் எத்தனை பியூரெட் உடைந்தது என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஏழெட்டு என்று சலித்துக்கொண்டால் உட்கார்ந்து கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். ஒன்றுகூட உடையவில்லை என்று பெருமையாகச் சொன்னால், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.