பூங்காவைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: பழைய பூங்காவை ஒட்டி அடுக்குமாடி வருகிறது. 'கார்டன்ஸ் டிரஸ்ட்' என்ற தொண்டு அமைப்பு நினைத்தால் நிறுத்திவிடுமாமே? (வாசகி, லண்டன்)

பதில்: நிறுத்தவெல்லாம் முடியாதும்மா, கருத்துதான் சொல்லலாம், முடிவு கவுன்சில் கையில். ஆனால் அந்தப் பூங்கா இங்கிலாந்தின் வரலாற்றுப் பூங்காப் பதிவேட்டில் இருந்தால் அவர்களைக் கேட்டே ஆக வேண்டும். 1995-லேயே இவர்களின் முன்னோடிச் சங்கத்துக்குக் கிடைத்த உரிமை அது. பொதுவாக 21 நாளில் பதில் போக வேண்டும். மரம் வெட்டுவதை மட்டுமா பார்ப்பார்கள்? மாளிகை வாசலில் நின்றால் ஏரிக்கு அப்பால் புதுக் கட்டடத்தின் ஆறாவது மாடி தலைநீட்டுமா என்றுகூடப் பார்ப்பார்கள். 2025-ல், கட்டாயம் கருத்துக் கேட்க வேண்டிய அமைப்புகளின் பட்டியலிலிருந்து இவர்களையே எடுக்க அரசு யோசனை கிளப்பியது, வீடு கட்டத் தாமதமாகிறதாம்! சரி, முதலில் பதிவேட்டில் தேடுங்கள், அப்புறம் நீங்களும் கவுன்சிலுக்கு ஆட்சேபம் எழுதிப் போடுங்கள்.