வம்சாவளியும் நேர்மாறு அணியும்

வணக்கம். பால்மாட்டு இனவிருத்தியில் ஆய்வு செய்கிறேன். பத்தாயிரம் மாடுகளில் எந்த இரண்டுக்கும் இடையிலான மரபுறவை எண்ணாகத் தரும் உறவு அணியைக் கணித்து, இரண்டு தசம இடங்களுடன் சேமித்து, சமவாய்ப்பு விளைவின் (மாட்டுக்கு மாடு தற்செயலாக வேறுபடும் மரபு மதிப்பின்) உடன்மாறுபாட்டு அணியாக மென்பொருளுக்குக் கொடுத்தேன். அதன் நேர்மாறு (அதனோடு பெருக்கினால் அலகு அணி தரும் அணி) காண இயலவில்லை என்று நின்றுவிடுகிறது. மூலைவிட்டத்தில் 0.01 கூட்டினால் ஓடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்ட வேண்டாம். கொள்ளுப்பாட்டனுக்கும் கன்றுக்கும் உள்ள 0.125 என்னும் உறவு உங்கள் கோப்பில் 0.13 ஆகவும், 0.0625 என்பது 0.06 ஆகவும் மாறியிருக்கும். ஒரே காளைக்கு 300 கன்றுகள் பிறந்த மந்தையில் உறவு அணியின் மிகச் சிறிய ஐகன் மதிப்பு (உடன்மாறுபாட்டு அணிக்கு இது பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது) 0.01க்கும் கீழே இருக்குமாதலால், இந்தச் சில்லறைப் பிழைகளே சேர்ந்து அதைப் பூச்சியத்துக்குக் கீழே தள்ளிவிடக்கூடும். நீங்கள் கூட்ட நினைக்கும் எண்ணோ அந்த மதிப்பைவிடப் பெரியது. அதைக் கூட்டியபின் கிடைக்கும் அணி உங்கள் மந்தையின் வம்சாவளியைச் சொல்லாது.

உண்மையில் அந்த அணியை உருவாக்கவே தேவையில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறவை மாடுகளை ஆராய்ந்த சார்லஸ் ஹெண்டர்சன், வம்சாவளிப் பட்டியலிலிருந்தே நேர்மாறை நேரடியாக எழுதும் வழியை 1976இல் வெளியிட்டார். பெற்றோர் தெரியாத ஒவ்வொரு மாட்டுக்கும் மூலைவிட்டத்தில் 1 சேர்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் தெரிந்த கன்றுக்கு, உட்கலப்பு (உறவுள்ள மாடுகளுக்குள் இனச்சேர்க்கை) இல்லாதபோது, அதன் மூலைவிட்டத்தில் 2, அதற்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இடையே −1, காளை, பசு ஆகியவற்றின் மூலைவிட்டங்களிலும் அவ்விரண்டுக்கும் இடையிலும் 0.5 சேர்க்க வேண்டும். ஒரு காளை, ஒரு பசு, அவற்றின் கன்று என்று மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நேர்மாறின் நிரைகள் (1.5, 0.5, −1), (0.5, 1.5, −1), (−1, −1, 2) என வரும், உறவு அணியோடு பெருக்கிப் பாருங்கள். உறவே இல்லாத காளைக்கும் பசுவுக்கும் இடையே 0.5 வந்திருப்பதைக் கவனியுங்கள். கன்று அவ்விரண்டையும் பிணைத்துவிட்டது. பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே, வேறு வழியில் பிணைப்பு இல்லையெனில், பூச்சியம்தான் வரும், ஏனெனில் பெற்றோரின் மதிப்பு தெரிந்தபின் பாட்டன் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த அழகு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஒரு மாடு அதிகபட்சம் ஒன்பது உறுப்புகளையே தொடுவதால், பத்து கோடி உறுப்புகளுக்குப் பதில் 90,000க்கு மேற்படாத பூச்சியமற்ற உறுப்புகளே எஞ்சும். ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் இதற்கான தொகுப்புகள் உண்டு. உட்கலப்பையும் அவை கணக்கில் கொள்ளும். பெற்றோர் கன்றுக்கு முன்னால் வருமாறு பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுங்கள். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டைக் கன்றுகள் இருந்தால் அவற்றை ஒரே எண்ணில் பதியுங்கள். தனித்தனி எண் கொடுத்தால், இந்த முறை அவற்றைச் சாதாரண உடன்பிறப்புகளாகவே எடுத்துக்கொள்ளும்.