பல் எக்ஸ்ரேல கழுத்து ரத்தக்குழாய் தெரியுமா?

கேள்வி: எனக்கு 56 வயசு, சுகருக்கும் பிபிக்கும் மாத்திரை போடுறேன், தொப்பையும் உண்டு. கடவாய்ப்பல் இம்ப்ளான்ட்டுக்காக ஓபிஜி எடுத்தப்ப, கழுத்துல ஏதோ வெள்ளையா தெரியுது, ஃபிசிஷியனைப் பாருங்கன்னு பல் டாக்டர் சொல்லிட்டார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, அப்புறம் எதுக்கு?

பதில்: கண்டிப்பா போய்ப் பாருங்க சார், உங்க பல் டாக்டர் நல்ல காரியம் பண்ணியிருக்கார். ஓபிஜி தாடையைச் சுத்தி எடுக்கற படம், அதனால கழுத்தும் ஓரத்துல கொஞ்சம் விழும். தாடை எலும்பு வளையற மூலைக்குக் கீழ, சத்தே பின்னாடி, கழுத்தெலும்பு மூணு நாலு இருக்கற மட்டத்துல நொய்யரிசி சிதறின மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா, மூளைக்குப் போற கரோட்டிட் குழாய் ரெண்டா பிரியற இடத்துல கொழுப்பு படிஞ்சு அதுமேல கால்சியம் ஏறியிருக்கலாம். 1981லயே ஃபிரீட்லேண்டர், லேண்டுன்னு ரெண்டு பேர் இதை எழுதிட்டாங்க. ஆனா தொண்டைக் குருத்தெலும்பு, பழைய நெறிகட்டி இறுகிப்போனது, இதெல்லாம்கூட அதே இடத்துல அதே மாதிரி தெரியும், அதுவும் போக கால்சியம் இருக்குங்கறதால அடைப்பு இருக்குன்னு ஆயிடாது, எத்தனை சதவீதம் அடைப்புன்னு எக்ஸ்ரே சொல்லவே சொல்லாது. அதுக்கு கரோட்டிட் டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும், கழுத்துல ஜெல் தடவிப் பாக்கறதுதான், ஊசி கிடையாது, வலி கிடையாது.

உங்களை நான் விடாம போகச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இடுப்புச் சுற்றளவு ஆம்பளைக்கு 90 செமீ, பொம்பளைக்கு 80 செமீ தொட்டா ஒண்ணு, பிபி 130/85, வெறும் வயித்து சுகர் 100, ட்ரைகிளிசரைடு 150, அப்புறம் நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ, இந்த அஞ்சுல மூணு இருந்தாலே மெட்டபாலிக் சின்ட்ரோம், அதாவது மாரடைப்பு, பக்கவாதம் வர்ற வாய்ப்பைக் கூட்டற கோளாறுகள் ஒண்ணா சேர்ந்து இருக்கற நிலை. சுகர், பிபின்னு ரெண்டு உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு (மாத்திரையில கன்ட்ரோல்ல இருந்தாலும் கணக்குல சேரும்), பேன்ட் சைஸை நம்பாம டேப் வெச்சு தொப்பையை அளந்துடுங்க.

கால்சியம், அதாவது சுண்ணாம்புன்னதும் பாலையும் மோரையும் நிறுத்தறவங்க இருக்காங்க, வெத்தலையில தடவற சுண்ணாம்பு போய்ப் படிஞ்சதான்னும் கேப்பாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சிகரெட் இருந்தா இன்னிக்கே விடுங்க. கொழுப்பைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை வேணுமா, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் வேணுமான்னு உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும், நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க.

திடீர்னு ஒரு கண்ணுல மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டிச்சுன்னாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ஞ்சாலோ, பேச்சு குழறினாலோ, அது பக்கவாதத்தோட அறிகுறியா இருக்கலாம், அஞ்சு நிமிஷத்துல சரியாப் போனாலும் அப்படியே விடாம 108 கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், வீட்ல இருக்கறவங்ககிட்டயும் இதைச் சொல்லி வையுங்க. டாக்டரைப் பாக்கப் போறப்ப அந்த ஓபிஜி ஃபிலிமை மறக்காம கையில எடுத்துட்டுப் போங்க.