புரோட்டீன் டப்பா வாங்கும் முன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: அறுபதைத் தாண்டியவர்களின் தசை வலுவுக்காக எதை வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம். அதனால் இந்தத் தடவை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, 60 கிலோ எடை. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஒரு வருடமாகத் தொடை மெலிந்துகொண்டே வருகிறது, சோபாவிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறார். மருந்துக் கடையில் முதியவர்களுக்கான புரோட்டீன் பவுடர் என்று ஒரு டப்பாவைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

டப்பாவுக்கு அப்புறம் வருவோம், முதலில் அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். நேர் முதுகு உள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலி, உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்திலேயே நீங்கள் நின்றுகொண்டு, இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிய நிலையில் 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுதாக நிமிர்ந்து நின்று உட்காருகிறார் என்று எண்ணுங்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வைத்திருக்கும் அளவுப்படி, 70 முதல் 74 வயதுள்ள ஆண் 12 தடவைக்குக் குறைவாக எழுந்தால் சராசரிக்குக் கீழே, கீழே விழும் வாய்ப்பு கூடுதல் என்று பொருள். அதே வயதுப் பெண்களுக்கு 10. கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட முடியவில்லை என்றால் பூஜ்யம் என்று தேதியோடு காலண்டரில் குறித்து வையுங்கள். இந்த எண் கூடுகிறதா என்பதுதான் இனி நீங்கள் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு.

அடுத்து டாக்டர். ஒரே வருடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி தொடை மெலிந்திருக்கிறது என்பதை வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எடையும் இறங்கியிருக்கிறதா, பசி எப்படி, சர்க்கரை அளவு, தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர் என்பதால் ரத்தத்தில் கிரியேட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்த்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் புரோட்டீனைக் கூட்டும் பேச்சே. இந்த இரண்டு பரிசோதனைக்கும் ஆகும் செலவு அந்த டப்பா விலையில் ஒரு பங்குதான் வரும்.

சரி, டப்பா. 1994-இல் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழு நடத்திய ஆய்வை, இந்தக் கேள்வி கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். நூறு பேர், சராசரி வயது 87. ஒரு பிரிவினருக்குக் கால்களுக்கு எடை வைத்துப் பயிற்சி, ஒரு பிரிவினருக்குச் சத்து பானம் மட்டும், ஒரு பிரிவினருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால் பயிற்சி செய்தவர்களின் தசை வலு சராசரியாக 113 சதவீதம் கூடியிருந்தது, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களின் தசை பலவீனம் குறையவே இல்லை. டப்பாவைத் திறந்து பாலில் கலக்கிக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பழையபடி சோபாவில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

புரோட்டீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்திய அரசின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமான ஐசிஎம்ஆர்–என்ஐஎன் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று அத்துறை வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள், ஆக அப்பாவுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் இட்லி, மதியம் சோறு குழம்பு, இரவு தோசை என்றால் இந்த அளவு எட்டாது. ஆனால் ஒரு நாளில் இரண்டு முட்டை (12 கிராம்), ஒரு டம்ளர் பால் (6), ஒரு கைப்பிடி வேர்க்கடலை (7), ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல் (10) என்று சேர்த்தால் கூடுதலாக 35 கிராம் வந்துவிடுகிறது. முட்டை சாப்பிடாத வீடு என்றால் முப்பது கிராம் மீல் மேக்கரில் மட்டும் 15 கிராம் இருக்கிறது. தசைக்காக புரோட்டீன் பவுடர் வாங்குவதைத் தவிர்க்கச் சொல்லி 2024 மே மாதம் வந்த என்ஐஎன் உணவு வழிகாட்டுதலும் சொல்கிறது.

பல் இல்லை, மென்று சாப்பிட முடியவில்லை, டாக்டரே பவுடர் எழுதிக் கொடுத்தார் என்றால் வாங்குங்கள், ஆனால் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரோட்டீன், எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருக்கும். கணக்குக்காக ஒன்று: 400 கிராம் டப்பா 700 ரூபாய், 100 கிராமில் 20 கிராம் புரோட்டீன் என்றால் மொத்த டப்பாவிலும் 80 கிராம்தான், ஒரு கிராம் கிட்டத்தட்ட 9 ரூபாய். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் ஒரு கிலோ 2,400 ரூபாய், 100-இல் 80 என்றால் ஒரு கிராம் 3 ரூபாய். ஏழு ரூபாய் முட்டையில் ஒரு கிராம் ஒன்றேகால் ரூபாய்கூட இல்லை. பொருள்பட்டியலில் முதல் இரண்டு இடத்திலேயே சர்க்கரையோ, சர்க்கரை போலவே ரத்தத்தில் சட்டென்று ஏறும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப் பொருளோ இருந்தால் அது சர்க்கரைக்காரருக்கான டப்பா இல்லை. கிளைசின், டாரின் என்று தனி அமினோ அமிலங்கள் சேர்த்திருந்தாலும் யோசியுங்கள், வழக்கமான ஆய்வகச் சோதனை நைட்ரஜனை அளந்துதான் புரோட்டீனைக் கணக்கிடுகிறது, விலை குறைந்த இவற்றைக் கலந்தால் எண் பெரிதாகத் தெரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: கைப்பிடி வலு நன்றாக இருப்பவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்று படித்தேன். கையால் அழுத்தும் ஸ்பிரிங் கருவி வாங்கித் தினமும் நூறு தடவை அழுத்துகிறேன், வயது 66. பலன் உண்டா? (மயிலாடுதுறை வாசகர்)

நீங்கள் படித்தது சரிதான். 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ப்யூர் ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் பிடி வலுவை அளந்து தொடர்ந்து கவனித்தது. பிடி வலு 5 கிலோ குறையக் குறைய, எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் பிடி வலு என்பது வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் மாதிரி. உடம்பு முழுவதும் தசை எப்படி இருக்கிறது என்பதை அது காட்டுகிறது, முள்ளை மட்டும் தள்ளினால் டாங்க் நிறையாது. ஸ்பிரிங் வாங்கியாயிற்று, வைத்துக்கொள்ளுங்கள், டப்பா மூடி திறக்க உதவும். உங்களைப் படியேற்றுவதும் விழாமல் பிடிப்பதும் தொடையும் இடுப்பும்தான், நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

கேள்வி: ஒரு மண்டபத்தில் இலவச முகாம் என்று பத்து நாள் அதிர்வு மேடையில் நிற்க வைத்தார்கள். பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேர நடைக்குச் சமம், தசை வளரும் என்கிறார்கள். 65,000 ரூபாய், தவணையும் உண்டாம். அம்மா வாங்கச் சொல்லி அழுகிறார். (சேலம் வாசகி)

வாங்காதீர்கள். அம்மா ஏன் அழுகிறார் என்பது எனக்குப் புரிகிறது, பத்து நாளாக யாரோ அவரை உட்கார வைத்து, எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்டுப் பேசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. அந்த அன்புக்கு வீட்டில் வேறு வழி செய்யலாம், 65,000 கொடுக்க வேண்டாம்.

எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்த மாதம் இதில் சுமையைக் கூட்ட முடியுமா? தசை வலுப்பெறுவது, பழகிய சுமையைவிடக் கொஞ்சம் அதிகம் தூக்கும்போதுதான். சும்மா நிற்கும் மேடையில் அது இல்லை. இதே மாதிரி வயிற்றில் கட்டினால் போதும், உடற்பயிற்சி வேலையை மின்சாரமே செய்துவிடும் என்று விற்ற பெல்ட் கம்பெனிகள் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2002-லேயே வழக்குப் போட்டது. போட்டு நடந்தாலே தசை இறுகும் என்று விளம்பரம் செய்த ஷூவுக்காக ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் 2012-இல் 4 கோடி டாலர் கொடுத்து அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட் தொடையில் மின்தூண்டல் (லேசான மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைப்பது) வைப்பது வேறு, அது அவர் பார்வையில் குறிப்பிட்ட நோக்கத்துக்குச் செய்வது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கடையில் விற்கும் மின்தூண்டல் பெல்ட் பக்கமே போகக் கூடாது.

அம்மா நடமாட முடியாத நிலையில் இருந்தால், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 62. ஜிம்மில் ஒரு வருடத்துக்கு 18,000, தனி டிரெய்னருக்கு 12,000 சேர்த்துக் கட்டினேன். வயதானவர்களுக்குச் சொல்லித் தரத் தெரிந்த டிரெய்னர் என்று காட்டியவர் இரண்டாம் மாதமே போய்விட்டார். இப்போது இருக்கும் பையன் எல்லோருக்கும் ஒரே சார்ட் கொடுக்கிறான், இடுப்பு பிடித்துக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரீஃபண்ட் இல்லை என்று போர்டைக் காட்டுகிறார்கள். (கோவை வாசகி)

போர்டு சட்டம் ஆகாது. நீங்கள் மனம் மாறிப் போகாமல் விட்டிருந்தால் பணம் திரும்புவது கஷ்டம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால் அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை அதே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. உங்களுடைய பலமான பிடி அந்த 12,000. எத்தனை வகுப்புக்குக் கட்டினீர்கள், எத்தனை நடந்தது என்று கணக்கிட்டு மீதியைக் கேளுங்கள்.

வாயால் கேட்டது போதும், இனி எழுத்தில். ரசீது, சேரும்போது வந்த வாட்ஸ்ஆப் செய்திகள், டிரெய்னரைப் பற்றிய விளம்பரத்தின் படம், இடுப்புக்கு டாக்டரிடம் போன சீட்டு எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். அந்த விளம்பரத்தை நாளை அழித்துவிடலாம். பதினைந்து நாள் கெடு வைத்து மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள், நிறைய விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த ஜிம்முக்குப் போகும்போது மாதாமாதம் கட்டும் இடமாகப் பாருங்கள். வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள், மூன்று மாதம் அங்கே பழகிய பிறகு அதை யோசிக்கலாம். பில் கேளுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. முதல் நாள் டிரெய்னர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ரத்த அழுத்தம், மூட்டு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், போன வருடம் எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டுவிட்டுத் தொடங்குகிறவர் வேலை தெரிந்தவர். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ஊதிக்கொண்டே தூக்குங்கள் என்று சொல்கிறாரா என்றும் பாருங்கள், மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

கேள்வி: ஜிம் பக்கத்தில் இல்லை. இரண்டாயிரம் ரூபாயில் வீட்டுக்கு என்ன வாங்கலாம்? தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறோம், அது போதாதா? (திருநெல்வேலி, 65, 60 வயதுத் தம்பதி)

நடையை விடாதீர்கள், இதயத்துக்கு அது வேண்டும். ஆனால் அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தனியாகச் சொல்லியிருப்பது, நடை அந்த வேலையைச் செய்யாது என்பதால்தான்.

முதல் மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, அதே மேடைப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பது. நிற்பதைத் தவிர மற்றவற்றில் பத்துப் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று, கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டம் தெரியாமல் போனதும் மடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

அது பழகியதும் மூன்று விதமான இறுக்கத்தில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) ஒரு செட், இரண்டிரண்டாக டம்பெல். டம்பெல்லில் பிளாஸ்டிக் உறைக்குள் மணலோ சிமென்டோ அடைத்தது விலை குறைவு என்று நானும் ஒரு தடவை வாங்கினேன், நான்கே மாதத்தில் உறை தையல் விட்டு ஹாலில் மணல் கொட்டியது, தராசில் வைத்தால் மூன்று கிலோ என்று போட்டது இரண்டரைதான் இருந்தது. கடையில் மாற்றித் தரவில்லை. ரப்பர் பூசிய இரும்பு, ஓரம் அறுகோணமாக இருப்பது வாங்குங்கள், உருண்டு காலடிக்கு வராது. கடையிலேயே எடை போட்டுப் பாருங்கள். தட்டு மாற்றும் வகை என்றால் திருகு மூடியைக் கையால் இறுக்கிவிட்டுத் தலைகீழாக ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பேண்ட் லேடெக்ஸில் செய்தது, நம் ஊர் வெயிலுக்கு மொட்டை மாடியிலோ ஜன்னலிலோ தொங்கவிட்டால் சீக்கிரம் உலர்ந்துவிடும். பீரோவுக்குள் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் இழுப்பதற்கு முன் முழு நீளத்துக்கும் விரலை ஓட்டிப் பாருங்கள், சின்னக் கீறல் தட்டுப்பட்டாலும் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும்.