பெட்ரோல் எங்கே போகிறது? சின்ன கார்களின் மைலேஜ் பற்றிய கேள்வி பதில்

கோவையில் 20 வருடத்துக்கு மேலாகச் சின்ன பெட்ரோல் கார்களை மட்டும் பார்க்கிற பட்டறை என்னுடையது. மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருகிறவர்களில் பலர், எங்கேயோ நாலைந்து பார்ட்ஸ் மாற்றிக் காசைக் கரைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதைப் பார்க்க மனசு கேட்காமல்தான் மூன்று வாரமாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் யோசித்து வையுங்கள்: மைலேஜ் திடீரென்று விழுந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதா, வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தானா? பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (திருச்சி, 800 சிசி கார்): முன்பெல்லாம் 1000 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் ஒரு வாரம் ஓடும். இப்போது ஐந்து நாளில் முள் கீழே வந்துவிடுகிறது. பங்கில் அளவு குறைக்கிறார்களா?

பதில்: ரூபாயை வைத்தும் முள்ளை வைத்தும் மைலேஜ் பார்க்க முடியாது. ஃபுல் டேங்க் போடுங்கள். நாசில் தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள், ரவுண்டாக வரட்டும் என்று மேலே ஊற்ற விடாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில், அதே பம்பில், முதல் கட் வரை மறுபடி நிரப்புங்கள். 342 கிலோமீட்டர் ஓடி 19.6 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 17.4. இப்படி மூன்று டேங்க் பார்த்துச் சராசரி எடுங்கள். 10 லிட்டரில் கணக்குப் போட்டால், நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்னே பின்னே போனாலே 10 சதவீதம் தப்பாகிவிடும்.

பங்கின் மேல் சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு வழி இருக்கிறது. முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் எல்லா பங்கிலும் இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. அது அரை சதவீதம். உங்கள் குறையை அது விளக்காது.

கேள்வி (சென்னை, புது 1000 சிசி கார்): கம்பெனி 24 என்கிறது. எனக்கு ஏசி போட்டு 13 வருகிறது. வண்டியில் குறையா அண்ணா?

பதில்: பெரும்பாலும் இல்லை தம்பி. கம்பெனி சொல்லும் எண் ரோடில் எடுத்தது அல்ல. வண்டியை உருளை மேல் நிறுத்தி, ஏசி இல்லாமல், 90-ஐத் தாண்டாத ஒரு குறிப்பிட்ட வேகக் கணக்கில் ஓட்டி எடுப்பது. அங்கே உங்கள் ஊர் டிராஃபிக் கிடையாது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் 15 கிலோமீட்டர். ஓடும்போது 18 கொடுக்கிற வண்டிக்கு அதற்கு 0.83 லிட்டர் போதும். வழியில் சிக்னலிலும் நெரிசலிலும் மொத்தம் 25 நிமிடம் ஏசி போட்டு நிற்கிறீர்கள். ஏசியோடு நின்ற இடத்தில் ஓடும் சின்ன இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். ஆக 0.4 லிட்டர் ஒரு அடி கூட நகராமல் போய்விட்டது. மொத்தம் 1.23 லிட்டர், மைலேஜ் 12. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் 70, 80 வேகத்தில் 100 கிலோமீட்டர் போய் வாருங்கள். அதில் 20 பக்கம் வந்தால் வண்டி ஆரோக்கியம்தான்.

கேள்வி (ஈரோடு): போன கோடையில் வண்டி ஹீட் ஆனது. ஒரு மெக்கானிக் ஏதோ ஒரு வால்வைக் கழற்றிவிட்டு "இனிமேல் ஹீட்டே ஆகாது" என்றார். ஆகவும் இல்லை. ஆனால் 18 கொடுத்த வண்டி இப்போது 14. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. அவர் கழற்றியது தெர்மோஸ்டாட் வால்வாகத்தான் இருக்கும். நம் பக்கம் இந்த வேலை இன்னும் நடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்ஜின் குளிர்ந்தே இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜினுக்கு 85, 90 டிகிரிச் சூடு வேண்டும். அந்தச் சூடு வரும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் உள்ளேயே சுற்ற விடுவதுதான் வால்வின் வேலை. சுமார் 82 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். அது இல்லாவிட்டால் சாவி போட்ட நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், வண்டி இன்னும் காலைக் குளிரில்தான் நிற்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். கார்புரேட்டர் காலத்தில் சோக்கை இழுத்துவிட்டு நாள் முழுக்க ஓட்டுவது போல. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். இது நீடித்தால் இன்ஜின் ஆயுளே குறையும்.

சோதனை சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது, வேட்டி துண்டு நுனியும் போகக் கூடாது. வால்வு இருந்தால் ஹோஸ் ஐந்தாறு நிமிடமாவது குளிர்ந்தே கிடந்து, அப்புறம் சட்டென்று சுடும். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுக்கும். உங்கள் மீட்டரில் நீல விளக்கு இருந்தால், அது அணைய முன்பைவிட அதிக நேரம் எடுக்கும்.

அதே ஈரோடு நண்பர்: பார்த்தேன் அண்ணா. இரண்டு நிமிடத்திலேயே வெதுவெதுப்பு வந்துவிட்டது.

பதில்: அப்போ வால்வு இல்லை. புதிது போடுங்கள், சில நூறு ரூபாய்ச் சாமான்தான். ஆனால் முதலில் ஏன் ஹீட் ஆனது என்பது இன்னும் அப்படியே இருக்கிறது. ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் மோட்டார், கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றியது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வால்வைப் போடுங்கள். மாற்றிப் போட்டால் மறுபடி ஹீட் ஆகி நடுரோட்டில் நிற்பீர்கள்.

கேள்வி (தூத்துக்குடி): ஏர் ஃபில்டர், பிளக், இன்ஜெக்டர் கிளீனிங் என்று 6500 ரூபாய் செலவு. மைலேஜ் 13-இலேயே நிற்கிறது. ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பதில்: ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போகும் என்பது கார்புரேட்டர் வண்டியின் பாடம். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். பிக்கப்தான் மந்தமாகும். பிளக் தேய்ந்து மிஸ்ஃபயர் ஆனால், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போனால், மைலேஜ் போகும், ஆனால் அப்போது வண்டி குலுங்கி உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கடலோரக்காரர். நான் முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பேன். சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஒரே ஆள் தள்ளிப் பாருங்கள். சின்ன கார் நகர வேண்டும். முக்கி முனகித் தள்ள வேண்டியிருந்தால் எங்கோ பிடிக்கிறது. அடுத்து 10 கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து, நான்கு வீலுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு வீல் மட்டும் அனல் அடித்தால் அதுதான்.

முன் வீல் என்றால், டிஸ்க்கைப் பிடிக்கிற காலிபர் நகர்வதற்கான ஊசி துரு ஏறி இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின் வீல் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள். என் மாமா வண்டியில் இதுதான் நடந்தது. உப்புக் காற்றில் கேபிள் துருப்பிடித்து, லிவரை இறக்கினாலும் டிரம்முக்குள் லேசாகப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. அவர் எட்டு மாதம் "வண்டி கிழடாகிவிட்டது" என்றே சொல்லிக்கொண்டு ஓட்டினார். கேபிள் மாற்றியதும் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் திரும்பி வந்தது. மைலேஜைவிட எனக்குப் பயம் வேறு: சூடேறிய பிரேக் அவசரத்தில் கைவிடும்.

கேள்வி (மதுரை, 2015 மாடல்): மஞ்சள் நிற இன்ஜின் லைட் ஒரு மாதமாக எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் 17 போய் 12 ஆகிவிட்டது. சைலன்சர் வாயில் கரி.

பதில்: அந்த லைட்டை அலட்சியம் செய்யாதீர்கள். சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கிறது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைச்சலா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது பேசுவதை நிறுத்திவிட்டால் கம்ப்யூட்டர் குருட்டுக் கணக்கில், பாதுகாப்புக்காகக் கூடுதலாகவே ஊற்றும். அந்தக் கரி அதன் அடையாளம். அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்கிற, விலை அதிகமான கட்டலிடிக் கன்வர்ட்டர் வெந்துபோகும்.

இங்கே 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி-2 ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்கும், ஸ்டியரிங்குக்குக் கீழே தேடுங்கள். போனோடு இணையும் சின்ன ஸ்கேனர் போதும். அது காட்டும் பிழை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், உடனே அழிக்காதீர்கள். அப்புறம் கூலன்ட் சூட்டைப் பாருங்கள், ஓட்டிய பிறகு 80-க்கு மேல் இருக்க வேண்டும். அடுத்தது ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண். குறுகிய கால எண்ணையும் நீண்ட கால எண்ணையும் கூட்டினால் கூட்டல் 10-க்கும் கழித்தல் 10-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. கழித்தல் பக்கம் ரொம்பப் போனால் எங்கோ பெட்ரோல் கூடுதலாகச் சேர்கிறது, இன்ஜெக்டர் ஒழுகலாம். கூட்டல் பக்கம் போனால் கணக்கில் வராத காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்துவிட்டது. இன்ஜெக்டர் கிளீனிங் வேண்டுமா என்பதை இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புது சென்சார் வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஒயரைப் பாருங்கள். எலி கடித்த ஒயரை ஒட்டினாலே சரியான வண்டிகள் என் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி (சேலம், 2016 மாடல்): 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் 18 போய் 14 ஆனது. சரிதானே சார்?

பதில்: பாதி சரி. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் குறையத்தான் செய்யும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்பில் இ10-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் குறையும் என்று சொல்கிறது. 18-இல் 7 சதவீதம் என்றால் 16.7. மிச்சம் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் வேறு எங்கோ போகிறது. பிரேக், வால்வு, சென்சார் என்று மேலே சொன்னதை வரிசையாகப் பாருங்கள். உங்கள் வண்டி பழையது என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் ஒருமுறை பாருங்கள், வாடை வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): 155/65 ஆர்14 டயரை எடுத்துவிட்டு 165/70 ஆர்14 போட்டேன். அன்றிலிருந்து மைலேஜ் குறைவு.

பதில்: புது டயரின் விட்டம் 5 சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 105 ஓடியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கை 1.05-ஆல் பெருக்கிப் பாருங்கள், பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். ஆனால் வேகமும் குறைவாகத்தான் காட்டும், கவனம்.

கேள்வி (நாகர்கோவில்): நைட்ரஜன் காற்று அடித்தால் மைலேஜ் கூடுமா?

பதில்: கூடாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, 15 நாளுக்கு ஒருமுறை சரிபாருங்கள். அதுதான் வேலை செய்யும்.

கேள்வி (பொள்ளாச்சி): வால்பாறையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கம் வண்டியைத் தள்ளும் வரை கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. எல்லா வேகத்தையும் பிரேக் ஒன்றே தாங்கினால் சூடேறி வழுக்கிவிடும். இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

கேள்வி (கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர்): தினமும் கோயில், கடைத்தெரு, பேத்தியின் பள்ளி, எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டர். 11-தான் வருகிறது. வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம் ஐயா. உங்கள் இன்ஜின் சூடாவதற்கு முன்பே வீடு வந்துவிடுகிறது. குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும், ஈரோடு நண்பருக்குச் சொன்ன அதே காரணம்தான். முடிந்தால் மூன்று வேலையையும் ஒரே சுற்றில் முடியுங்கள். நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் சூடேற்ற வேண்டியதில்லை, அரை நிமிடத்தில் கிளம்பி மெதுவாக ஓட்டலாம். வாரம் ஒருமுறை 20, 30 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போய் வந்தால் ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிவிடும். பேத்தியோடு அணைக்கரை வரை போய் வாருங்களேன்.

ஈரோடு நண்பர் மறுபடி: ரேடியேட்டர் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, வால்வும் போட்டாயிற்று. முதல் ஃபுல் டேங்க் கணக்கு 16.9 அண்ணா!

பதில்: ரொம்பச் சந்தோஷம். இன்னும் இரண்டு டேங்க் பாருங்கள். பெட்ரோல் கலந்திருக்கும் அந்தப் பழைய ஆயிலை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடுதான், கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.