கணினி கேள்வி-பதில்: கார்டு மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். உபுண்டு 22.04 (லினக்ஸ்), என்விடியா ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு. என்விடியா தளத்தில் இருந்ததிலேயே புதிய டிரைவரை இறக்கிப் போட்டேன். அதிலிருந்து கணினி கிளம்பியதும் திரை கறுப்பாகிவிடுகிறது. உப்புக்காற்றில் கார்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கவா சார்?

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். மானிட்டர் ஒயர் கார்டில்தானே செருகியிருக்கிறது? கணினியைப் போட்டதும் மதர்போர்டு லோகோ தெரிகிறதா? தெரிந்தால் கார்டுக்கு உயிர் இருக்கிறது. உப்புக்காற்று நம் பக்கத்தில் எதையும் விட்டுவைக்காது, உண்மைதான். ஆனால் இது அதன் வேலை இல்லை.

ஜிடி 710 கெப்ளர் தலைமுறைக் கார்டு. 2021-ல் வந்த 495 வரிசையிலேயே என்விடியா அதைக் கைவிட்டுவிட்டது. அதற்குக் கடைசி டிரைவர் 470 வரிசைதான். நீங்கள் போட்ட புதுசு உங்கள் கார்டைக் கண்டுகொள்ளாது.

கணினி கிளம்பும்போது கிரப் மெனுவை (எந்த முறையில் கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பட்டியல்) வரவழைத்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக 'ரெக்கவரி மோடு' போங்கள். அங்கே முதலில் 'நெட்வொர்க்' வரியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கில் எதையும் மாற்ற விடாது. அப்புறம் 'ரூட்' (கட்டளை அடிக்கும் திரை). அதில் என்விடியா-அன்இன்ஸ்டால் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் சிறு கோடு போட்டு அடியுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட். படம் கொஞ்சம் மொண்ணையாக வந்தாலும் பரவாயில்லை, 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து 470-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இனி டிரைவரைத் தளத்திலிருந்து நேராக இறக்காதீர்கள். உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் ஆப்ட் என்பது மீன் ஏலக்கூடத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி. தன் வழியாக வந்த ஒவ்வொரு கோப்பையும் ஏட்டில் எழுதி வைக்கும். கெர்னல் (உபுண்டுவின் மையப் பகுதி) மாறினால் டிரைவரையும் அதற்கேற்பச் சரிசெய்துவிடும். நீங்கள் தளத்திலிருந்து கொண்டுவந்த 'ரன்' கோப்பு அந்த ஏட்டில் ஏறவே இல்லை.

கேள்வி: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது எதை நிறுவப் போனாலும் 'டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது' என்று உபுண்டுவில் பிழை வருகிறது. ஃபார்மட்தான் வழியா? (கல்லூரி மாணவர், தேவிபட்டினம்)

பதில்: எதற்கெடுத்தாலும் ஃபார்மட்டா தம்பி! டிபிகேஜி என்பது ஆப்ட்டுக்கு அடியில் நின்று நிறுவும் வேலையைச் செய்யும் கருவி. அந்தப் பிழைச் செய்தியை முழுக்கப் படியுங்கள். அடிக்க வேண்டிய கட்டளை அதிலேயே இருக்கிறது: சூடோ டிபிகேஜி, அப்புறம் இரண்டு கோடு போட்டு கான்ஃபிகர், கடைசியில் ஒரு கோடும் 'ஏ'யும். விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொடுக்கும். இறங்கிய பொட்டலங்கள் டிஸ்க்கில் அப்படியே இருப்பதால் மொபைல் டேட்டாவும் மிச்சம். லாக் கோப்பை (ஒரே நேரத்தில் இருவர் நிறுவாமல் தடுக்கும் பூட்டு) அழிக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து எதையும் அழிக்க வேண்டாம்.

யூபிஎஸ் இல்லாத வீடென்றால், ஆப்ட் அப்கிரேடு கட்டளையோடு 'டவுன்லோடு-ஒன்லி' சேர்த்து இரவில் இறக்கி மட்டும் வையுங்கள். நிறுவும் வேலையைக் கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.