ஓடும்போது வாட்ச்சில் எந்த எண் தெரிய வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 48. டிசம்பரில் முதல் அரை மாரத்தான் ஓடப் போகிறேன், 2 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை. கார்மின் ஃபோர்ரன்னர் 255 வாங்கியிருக்கிறேன். ஓடும்போது பார்த்தால் ஸ்கிரீன் முழுக்க எண்கள். படிக்கிற கண்ணாடி இல்லாமல் ஒன்றும் புரிவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது, எப்படி மாற்றுவது? (கோவை வாசகர்)

பதில்: வெள்ளெழுத்து வந்த கண், விடிவதற்கு முந்தைய அரை இருட்டு, வாட்ச் கண்ணாடி மேல் வியர்வைத் துளி, ஆடிக்கொண்டே இருக்கும் கை. இவ்வளவுக்கும் நடுவில் அந்த எண்ணைப் படிக்க உங்களுக்குக் கிடைப்பது ஒரு விநாடிதான். அதனால் "என்னவெல்லாம் தெரிந்துகொள்ளலாம்" என்று யோசிக்க வேண்டாம். "இந்த எண்ணைப் பார்த்தால் என் ஓட்டத்தில் எதையாவது மாற்றுவேனா" என்று கேளுங்கள். மாற்ற மாட்டீர்கள் என்றால் அதை எடுத்துவிடுங்கள். கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை காலடி), கலோரி, ஏறிய உயரம் எல்லாம் வாட்ச்சில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே போனில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் மாற்றும் வழி. வலது பக்க மேல் பட்டனை அழுத்தி 'ரன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டத்தைத் தொடங்காமல், இடது பக்க நடு பட்டனை அழுத்திப் பிடியுங்கள். மெனு வரும். அதில் ரன் செட்டிங்ஸ், அதற்குள் 'டேட்டா ஸ்கிரீன்ஸ்'. வேண்டிய ஸ்கிரீனுக்குள் போனால் 'லேஅவுட்' என்ற இடத்தில் எத்தனை கட்டங்கள் என்று முடிவு செய்யலாம். அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண் வர வேண்டும் என்று மாற்றலாம். வேண்டாத ஸ்கிரீனை அங்கேயே நீக்கலாம், வரிசையையும் மாற்றலாம். இதை ஒரு ஞாயிறு மதியம் நிதானமாக உட்கார்ந்து செய்யுங்கள். போலார், கோரோஸ் வாட்ச் வைத்திருப்பவர்கள் போன் செயலியில் மாற்றி வாட்ச்சுக்கு அனுப்ப வேண்டும். ஆப்பிள் வாட்ச்சில் 2022-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 9 முதல் வாட்ச்சிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டே ஸ்கிரீன்.

முதல் ஸ்கிரீனில் மூன்று கட்டங்கள்: லேப் பேஸ், தூரம், நேரம். 'பேஸ்' என்று மட்டும் இருப்பதை வைக்காதீர்கள். அது அந்த நொடியின் வேகம், ஜிபிஎஸ் தரும் புள்ளிகளிலிருந்து கணக்கிடுவது. உங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் மாதிரி மரங்கள் கவிந்த பாதையில் சிக்னல் தடுமாறும். நீங்கள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பீர்கள், வாட்ச் 6:05 (கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 5 விநாடி) காட்டும், பத்து அடி போனால் 6:50 காட்டும். அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்தே பலர் களைத்துப் போகிறார்கள். லேப் பேஸ் அப்படி இல்லை. அந்தக் கிலோமீட்டர் தொடங்கியதிலிருந்து இதுவரையான சராசரி அது. முதல் 200 மீட்டர் கொஞ்சம் ஆடும், அப்புறம் நிலைத்துவிடும். வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானாக ஒரு லேப் (ஓட்டத்தின் ஒரு துண்டு) போட்டுக்கொள்ளும், அந்த 'ஆட்டோ லேப்' பயிற்சி நாட்களில் இருக்கட்டும்.

இரண்டாவது ஸ்கிரீனில் இதயத்துடிப்பு மட்டும், ஒரே கட்டமாக, பெரிதாக. மெதுவாக ஓட வேண்டிய நாளில் இதை மட்டும் பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் அதிகபட்ச துடிப்பை வாட்ச் முதலில் வயதை வைத்துத்தான் ஊகிக்கும். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரப்படி உங்களுக்கு 172. உண்மையான எண் அதைவிடப் பத்து கூடவோ குறையவோ இருப்பது சர்வசாதாரணம். எனவே துடிப்பின் அளவைப் பிரித்துக் காட்டும் ஸோன் நிறங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராதபடி கட்டுங்கள். தளர்வாக இருந்தால் சில சமயம் துடிப்புக்குப் பதில் காலடி எண்ணிக்கையைக் காட்டிவிடும். மெதுவான ஓட்டத்தில் திடீரென்று 165, 170 தெரிந்தால் பயப்படுவதற்கு முன் வாரைச் சரிபாருங்கள். வார் எப்படி இருந்தாலும், நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

போட்டி நாளுக்கு இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அரை மாரத்தானின் 21.0975 கிலோமீட்டரை 2:15-இல் முடிக்கக் கிலோமீட்டருக்கு 6:24 வேண்டும். வாட்ச்சிலும் 6:24 காட்டினால் போதும் என்று நினைப்போம். போதாது. முறையாக அளந்த பாதையை, வளைவுகளில் ஓரத்தை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். நாமோ கூட்டத்தில் விலகி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுவோம். ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்து வாட்ச் கடைசியில் 21.3 கிலோமீட்டர் காட்டும் என்று வையுங்கள். வாட்ச்சின் 6:24-ஐ நம்பி ஓடியவர் 2:16:19-க்கு வந்து சேருவார். ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது.

ஆகவே போட்டியில் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதெல்லாம் வலது கீழ் பட்டனை நீங்களே அழுத்துங்கள். ஸ்கிரீனில் இரண்டே கட்டங்கள்: லேப் டைம், எலாப்ஸ்டு டைம். லேப் பேஸ் வேண்டாம், அதுவும் வாட்ச் அளந்த தூரத்தை வைத்தே கணக்கிடும். லேப் டைமோ பலகைக்குப் பலகை எவ்வளவு ஆனது என்பதை அப்படியே சொல்லும். உங்கள் இலக்குக்கு ஒரு வசதியும் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்குச் சரியாக 32 நிமிடம். 10-இல் 1:04, 15-இல் 1:36, 20-இல் 2:08. அதன் பிறகு மிச்சமிருப்பது ஏழு நிமிட ஓட்டம். இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டால் ஓடும்போது கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை.

'டைமர்', 'எலாப்ஸ்டு டைம்' இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் வாட்ச்சை நிறுத்தினாலோ, 'ஆட்டோ பாஸ்' தானாக நிறுத்தினாலோ டைமர் நின்றுவிடும். எலாப்ஸ்டு டைம் நிற்காது. காலணியிலோ எண் அட்டையிலோ இருக்கும், போட்டி நேரத்தைப் பதிவு செய்யும் சிப்பும் நிற்காது. ஆட்டோ பாஸ் போட்டிக்கு ஆகவே ஆகாது, சிக்னலில் நின்று நின்று ஓடும் நகரப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன் தானாக மாறும் 'ஆட்டோ ஸ்க்ரோல்' இருந்தால் அதையும் அணையுங்கள், பார்க்கும் நேரத்தில் வேறு எண் நின்றுகொண்டிருக்கும். உங்கள் வாட்ச் வெயிலில் நன்றாகத் தெரியும் வகை. இருட்டில்தான் விளக்கு வேண்டும், கையைத் திருப்பினால் எரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

போட்டிக்கு முந்தைய வாரம் கிலோமீட்டர் குறியிட்ட பாதை ஒன்றில் இதே ஸ்கிரீனோடு, கண்ணாடி இல்லாமல் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். லேப் பட்டனை விரல் தானாகத் தேடிப் போகிறதா, இரண்டு எண்களும் ஒரே பார்வையில் பிடிபடுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். பிடிபடவில்லை என்றால் எலாப்ஸ்டு டைமை அடுத்த ஸ்கிரீனுக்கு நகர்த்திவிட்டு, லேப் டைமை மட்டும் முழு ஸ்கிரீனில் வையுங்கள்.